சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்சில்லா: முழுநேர வேலை, முதல் வளர்ப்புப் பிராணி, இரண்டு கோடைகள்

பின்னணி

இதில் வருபவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வாடகைக்கு இருக்கும் பெண். வயது 31. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை 6:40க்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை 5:15 ஆகும். திங்கள் முதல் வெள்ளி வரை இதில் மாற்றமே இல்லை. மாதக் கடைசியில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும். என்னை அக்கா என்றுதான் அழைப்பார். அதனால் இங்கே அவரைத் தங்கை என்றே எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மற்றதெல்லாம் அவர் படித்துப் பார்த்துச் சரி சொன்னது.

அவர் இருப்பது ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை. மேலே தகரக் கூரை, உள்ளே மெல்லிய அட்டைத் தடுப்பு. முன்வீட்டில் வீட்டுக்கார ஆயா, வயது 72, தனியாக இருக்கிறார். ஆயாவுக்குத் தமிழ் பேசவும் படிக்கவும் வரும். சிறு வயதில் கோயில் தமிழ்ப் பள்ளியில் கற்றது. இந்தக் கதையில் ஆயாவுக்கு எவ்வளவு பெரிய பங்கு இருக்கப்போகிறது என்று தொடக்கத்தில் எங்கள் இருவருக்குமே தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் ஆலோசனை என்னுடையது. ஜோகானஸ்பர்க்கில் இருந்த காலத்தில் இரண்டு சின்சில்லாக்களை வளர்த்தேன். முயலைவிடச் சிறிய, அடர்ந்த மென்முடியுள்ள கொறிக்கும் பிராணி இது. இரண்டும் நல்ல ஆயுளோடு வாழ்ந்தன, ஒன்று 14 வயது வரை. அப்போது நானும் முழுநேர வேலையில்தான் இருந்தேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் டர்பனில் ஒருவருக்கு நான் பதில் சொன்னேன்.

கேட்டதும் கேட்காமல் விட்டதும்

2022 ஜூனில் தங்கை என்னிடம் வந்தார். நாய் வளர்க்க ஆசைதான், ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் பூட்டிய வீட்டில் ஒரு நாயை விட மனம் வரவில்லை என்றார். பகலில் தூங்கி மாலையில் எழும் பிராணி எது என்று தேடிச் சின்சில்லாவுக்கு வந்து சேர்ந்திருந்தார். "வேலைக்குப் போறவங்க வளர்க்கலாமா அக்கா?" என்று கேட்டார்.

நான் கேட்ட கேள்விகள் இவை. மாலையில் ஒன்றரை மணி நேரம் தினமும் ஒதுக்க முடியுமா? 15 ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும் பிராணி இது, அதற்குத் தயாரா? மடியில் உட்கார்ந்து கொஞ்ச விடாது, பரவாயில்லையா? சின்சில்லாவைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? கடைசிக் கேள்விக்கு விடை தேடி அவரே மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். வாய்வழியாக எந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கவே மாட்டீர்கள் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாயில் கொடுத்தால் இந்தப் பிராணியின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். தயங்காமல் அதைச் சொன்ன ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுத்தோம். காரில் 25 நிமிடத் தூரம். எட்டு மாதம் கழித்து அந்தத் தேர்வுதான் கைகொடுத்தது.

கோடையில் பகல் நேரத்தில் அந்த வீட்டுக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

ஜோகானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று வறண்டது, கோடை இரவிலும் குளிரும். சின்சில்லாவின் சொந்த ஊரான சிலி நாட்டு ஆண்டீஸ் மலைச் சரிவுகளும் வறண்டவை, பாறை நிறைந்தவை, இரவில் குளிர்பவை. டர்பன் இந்த இரண்டுக்கும் நேர்மாறு. கடலோரம், கோடையில் எந்நேரமும் ஈரக் காற்று. ஒரு மயிர்க்காலில் ஐம்பதுக்கு மேல் முடி முளைக்கும் உடம்பு இது. வியர்வை கிடையாது. பெரிய காதுகள் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியே விடும். அறை 25 டிகிரியைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், ஈரமும் சேர்ந்தால் அதற்கு முன்பே. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஜூன் மாத டர்பனில் மாலை நேரத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். பிப்ரவரி நினைவுக்கே வரவில்லை.

இன்னொன்றும் எங்களை ஏமாற்றியது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நகரின் மின் அமைப்பு சேதமானதால், நாடு முழுக்க லோட்ஷெடிங், அதாவது பகுதி பகுதியாக முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, நடந்தபோதும் டர்பனுக்குச் சில மாதங்கள் அதிலிருந்து விலக்குக் கிடைத்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பேச்சில் மின்வெட்டு ஒரு முறைகூட வரவில்லை.

முதல் மாதங்கள்: ஜூலை முதல் அக்டோபர் வரை

ஜூலையில் வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்யும் ஒருவரிடமிருந்து ஐந்து மாத ஆண் குட்டி ஒன்றை வாங்கினார். சாம்பல் நிறம், எடை 410 கிராம். சாம்பு என்று பெயர் வைத்தார். ஜோடியாக வாங்கினால் நல்லது என்று விற்றவரே சொல்லியிருக்கிறார். இடம் போதாது, முதல் முறை, ஒன்றே போதும் என்று தங்கை முடிவெடுத்தார். நானும் மறுக்கவில்லை.

கூண்டோடு வந்த தட்டுகள் பிளாஸ்டிக். இரண்டே வாரத்தில் ஓரமெல்லாம் கடித்துப் போட்டது. வாழ்நாள் முழுக்க வளரும் பற்கள், கடிக்காமல் இருக்க முடியாது. விழுங்கிய பிளாஸ்டிக் குடலை அடைத்துவிடும். மருந்து அடிக்காத பைன் பலகையை வெட்டி வாங்கித் தட்டுகளை மாற்றினோம். கடிக்க ஏதாவது கொடுக்கலாமே என்று ஆயா தன் தோட்டத்து அவகாடோ மரத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். நல்ல வேளை, கொடுப்பதற்கு முன் கேட்டார். அவகாடோ இலையும் பட்டையும் சின்னப் பிராணிகளுக்கு விஷம். மாங்கிளையும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். ஆப்பிள் மரக் குச்சி வாங்கிக் கொடுத்தோம்.

சாப்பாட்டில் முதல் பிழை திராட்சை. கையில் வாங்கித் தின்ன வேண்டும் என்ற ஆசையில் தினம் நான்கைந்து உலர்திராட்சை கொடுத்திருக்கிறார். சாணம் இளகிய பிறகுதான் என்னிடம் சொன்னார். அதை நிறுத்தினோம். புல்லாக லூசர்ன் என்னும் குதிரைமசால் கொடுத்துக்கொண்டிருந்தார், கடையில் அதுதான் முன்னால் இருந்ததாம். லூசர்னில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்ந்த சின்சில்லாவுக்கு அது அன்றாடத் தீனி ஆகாது. டெஃப் புல்லுக்கும் எராக்ராஸ்டிஸ் புல்லுக்கும் மாற்றினோம். இந்த நாட்டில் குதிரைத் தீவனக் கடைகளில் இரண்டும் கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைக்கும். ஒரு கட்டு இரண்டு மாதம் தாங்கியது. எந்நேரமும் புல், அதோடு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி பெல்லெட் (அழுத்திச் செய்த தீவனத் துண்டுகள்), தண்ணீர். அவ்வளவுதான்.

குளியலுக்குத் தண்ணீர் கூடாது, நுண்ணிய எரிமலைத் தூசியில் புரள விட வேண்டும். கடற்கரை மணல் இலவசமாகக் கிடைக்குமே என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். அது பருமனானது, உப்பு ஏறியது, முடிக்குள் போகாது. சரியான தூசியையே வாங்கினார். வாரம் மூன்று முறை, பத்து நிமிடம்.

வேலை நேரத்தோடு இந்தப் பிராணி ஒத்துப்போனது உண்மை. ஜூலையில் டர்பனில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். தங்கை கதவைத் திறக்கும் நேரமும் சாம்பு எழுந்து உடம்பை நீட்டும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. ஆறு முதல் ஏழரை வரை முன்னறையில் ஓட விடுவார். மின்கம்பிகளையெல்லாம் குழாய்க்குள் போட்டுவிட்டோம். முதல் மாதம் கூண்டு படுக்கையறையில் இருந்தது. நடுராத்திரி குதியாட்டத்தில் தங்கைக்குத் தூக்கம் போய், வேலையில் தவறு வரத் தொடங்கியது. கூண்டை முன்னறைக்கு மாற்றியதும் அது சரியானது. ஆனால் மாற்றிய இடம் வடக்குச் சுவர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கு வெயில் விழும் சுவர் அதுதான். குளிர்காலத்தில் இதமாக இருந்ததால் யாரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயா சாம்பிராணித் தட்டைப் பின்கட்டுக்கும் கொண்டுவருவது வழக்கம். புகை பட்டால் சாம்பு தும்மியது. தங்கை தயங்கித் தயங்கி, "ஆயா, இவனுக்கு மூச்சுக்கு ஆகலை, வாசலோடு நிறுத்திக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கூண்டின் மூன்று பக்கமும் போர்வை போட்டு மூடினோம். ஒருநாள் பயந்து ஓடியதைப் பிடித்தபோது கையோடு ஒரு கொத்து முடி வந்துவிட்டது. வேட்டையாடும் விலங்கிடமிருந்து தப்ப இயற்கை கொடுத்த வழி அது, மறுபடியும் முளைக்கும். அதன் பிறகு துரத்திப் பிடிப்பதை விட்டுவிட்டுத் தூசிக் கிண்ணத்தைக் காட்டியே உள்ளே வரவைத்தார்.

இந்த மாதங்களில் அவர் செய்த மிக நல்ல காரியம் எடை நோட்டு. ஞாயிறு தோறும் காலையில் சமையல் தராசில் கிண்ணம் வைத்து எடை பார்த்து எழுதினார். நவம்பரில் 530 கிராம்.

கோடை வந்தது

நவம்பர் நடுவில் முன்னறை வெப்பமானி 27 காட்டியது, ஈரப்பதம் 78. சாம்பு பகலில் பக்கவாட்டில் நீட்டிப் படுக்கத் தொடங்கியிருந்தது. தங்கை அன்றே எனக்குப் படம் அனுப்பினார். ஆயாவின் அனுமதியோடு முன்னறையில் ஒரு சிறிய ஏசி பொருத்தினோம், 9,000 பிடியூ. 20 டிகிரியில் நாள் முழுக்க ஓடும். ஏசி ஈரத்தையும் இழுத்துவிடும், அதனால் முடி ஒட்டாமல் நன்றாக விரிந்தது. கூண்டில் ஒரு பளிங்குத் தளக்கல்லையும் வைத்தோம். மின் கட்டணம் ஏறியது, அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

டர்பனுக்கு மறுபடியும் லோட்ஷெடிங் வந்தபோது எங்கள் கணக்கு எளிமையாக இருந்தது. இரண்டு மணி நேரம் மின்சாரம் இருக்காது. குளிர்ந்த அறை அதற்குள் நாலைந்து டிகிரிதான் ஏறும். உறைய வைத்த இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கூண்டில் வைத்துவிட்டுப் போனால் சமாளித்துவிடலாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் அப்படித்தான் சமாளித்தார். அந்த வாரங்களில் மின்வெட்டு பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ வந்தது என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. வீட்டில் தங்கை இருந்தார். மின்சாரம் வந்ததும் ரிமோட்டை எடுத்து ஏசியை அவரே போட்டார். போட வேண்டியிருக்கிறது என்பதே ஒரு செய்தி என்று அவருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை.

பிப்ரவரி 2023, ஒரு செவ்வாய்க்கிழமை

அந்த மாதம் மின் நெருக்கடிக்காக நாடே பேரிடர் நிலையை அறிவித்திருந்தது. மின்வெட்டு ஆறாம் நிலை வரை போனது. நிலை எண் ஏற ஏற வெட்டும் கூடும். அன்று காலை 10 மணிக்குப் போன மின்சாரம் 12 மணிக்கு வந்துவிட்டது. ஏசி வரவில்லை. மின்சாரம் திரும்பினால் தானாக மறுபடி ஓடும் வசதி அந்த மாடலில் இல்லை. பிற்பகல் முழுக்கத் தகரக் கூரையும் வடக்குச் சுவரும் காய்ந்தன.

தங்கை 5:15க்குக் கதவைத் திறந்தபோது அறை 31 டிகிரி. அதிகபட்சத்தைப் பதிவு செய்து வைக்கும் வெப்பமானி அது. பகலில் 32.4 வரை போயிருந்தது. சாம்பு தளக்கல்லின் மேல் பக்கவாட்டில் கிடந்தது. காதுகள் செக்கச்செவேல் என்று நரம்பு தெரிந்தன. மூச்சு வேகமாக ஓடியது. வாயோரம் பிசுபிசுவென்று எச்சில்.

எனக்குத் தொலைபேசி வந்தது 5:18. சொன்னது இவ்வளவுதான்: ஐஸ் தண்ணீரில் முக்காதே, உடம்பு முடியை நனைக்காதே, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதங்களையும் மட்டும் ஒற்று, வாயில் தண்ணீர் ஊற்றாதே, காரில் ஏசியைப் போட்டுவிட்டு மருத்துவரிடம் கிளம்பு. திடீரென்று கடுங்குளிர் கொடுத்தால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்ளிருக்கும் சூடு வெளியே வராமல் போகும். பாதி மயக்கத்தில் இருக்கும் பிராணிக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். கிளம்பும்போதே மருத்துவமனைக்கு நான் சொல்லிவிட்டேன், அவர்கள் பிராணவாயுவைத் தயாராக வைத்திருந்தார்கள்.

அங்கே போனபோது உடல் வெப்பம் 40.3. சின்சில்லாவுக்கு 37, 38 டிகிரிதான் இயல்பு. தோலுக்கடியில் திரவம் ஏற்றினார்கள், பிராணவாயு கொடுத்தார்கள், இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தளக்கல்லும் நிழலும் இல்லாமல் இருந்திருந்தால் மாலை வரை தாங்கியிருக்காது என்று மருத்துவர் சொன்னார்.

அடுத்த ஆறு நாள்

வெப்பத்தில் பிழைத்த பிறகு குடல் நின்றுபோனது. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சின்சில்லாவின் குடல் ஓயாமல் ஓட வேண்டியது. அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே வாயு சேரும், வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது சாணம் கிட்டத்தட்ட இல்லை. வலி மருந்தும், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசிக்குழலில் புல்மாவுக் கூழும் கொடுக்கச் சொன்னார்கள்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ஆண்டுக்கு மூன்று நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. அது பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோதும் நெருங்கிய உறவினர் இறந்தாலும்தான், பிராணிக்கு இல்லை. நோய் விடுப்பைப் பொய் சொல்லி எடுக்க அவருக்கு மனமில்லை. ஆண்டு விடுப்பில் இரண்டு நாள் கேட்டு வாங்கினார். வெள்ளிக்கிழமை போயே ஆக வேண்டிய நிலை.

அன்று காலை ஆயா தானாகவே பின்கட்டுக்கு வந்து, "காட்டு, எப்படிக் கொடுக்கிறதுன்னு பாக்கிறேன்" என்றார். துண்டில் சுற்றி மடியில் வைத்து, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக, விழுங்க நேரம் கொடுத்துக் கொடுத்தார். எங்கள் இருவரையும்விடப் பொறுமையான கை. வெள்ளியும் திங்களும் நண்பகல் வேளை ஆயாவினுடையது. தங்கை சாணத்தை எண்ணி நோட்டில் எழுதினார். புதன் 9, வியாழன் 26, சனிக்கிழமை 140. திங்கள் மாலை தானாகவே டெஃப் புல்லை இழுத்துக் கடித்தது. எடை 548லிருந்து 497க்கு இறங்கியிருந்தது. ஏப்ரல் நடுவில்தான் 545க்கு வந்தது.

உட்கார்ந்து பேசியது

அடுத்த ஞாயிறு மூவரும் ஆயாவின் சமையலறையில் உட்கார்ந்தோம். தங்கை முதலில் கேட்டது, கொடுத்துவிடலாமா என்பதுதான். அழுதுகொண்டே கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு மனமில்லை. வழிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம்.

பேட்டரி: அந்த ஏசி ஓட ஏறக்குறைய 0.8 கிலோவாட் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி சாதாரண பேட்டரியில் மொத்தமே 1.2 யூனிட், அதிலும் பாதியைத்தான் கெடுக்காமல் எடுக்கலாம். லித்தியம் பேட்டரியோடு முழு அமைப்பு வாங்க அவரிடம் பணம் இல்லை, வாடகை வீட்டில் போடவும் முடியாது.

கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானி: நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஆனால் மின்வெட்டில் ரௌட்டரும் அணைந்துவிடும். ஆறாம் நிலை நாட்களில் கைபேசிக் கோபுரங்களின் பேட்டரியே தீர்ந்துபோய் அழைப்பு போகாமல் நின்றதைப் பார்த்திருக்கிறோம். அப்படியே செய்தி வந்தாலும் துறைமுகத்திலிருந்து அவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

கடைசியில் முடிவானவை மூன்று. பழைய ஏசியை விற்றுவிட்டு, மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும் மாடலைப் போட்டோம். கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பாமல், வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு மூன்று முறை சோதித்தோம். கூண்டை முன்னறையிலிருந்து எடுத்து ஆயாவின் முன்வீட்டில் தெற்குப் பக்கம் காலியாக இருந்த சாமான் அறைக்கு மாற்றி, புது ஏசியை அங்கேயே பொருத்தினோம். ஓட்டுக் கூரை, தடித்த செங்கல் சுவர், வெயில் படாத பக்கம். ஏசி இல்லாமலே பின்கட்டைவிட நான்கு டிகிரி குறைவாக இருந்தது. மூன்றாவது, ஆயா. பகல் 12:30க்கும் 2:30க்கும் வெப்பமானியைப் பார்ப்பதாக அவரே சொன்னார். பதிலுக்குத் தங்கை ஆயாவின் மருந்துச் சீட்டும், முன்பணம் கட்டி வாங்கும் மின் டோக்கனும் வாங்கித் தருவதை ஏற்றுக்கொண்டார். இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெளிவாகப் பேசி வைத்தது நல்லதென்று இப்போதும் நினைக்கிறேன். உதவி கேட்பவருக்குக் கூச்சம் இருந்தால் ஒருநாள் கேட்காமலே விட்டுவிடுவார்.

மார்ச் முழுக்க இந்த ஏற்பாடு தாங்கியது. நோட்டில் அந்த மாதத்தின் அதிகபட்சம் 25.8.

இரண்டாவது கோடை

2023 அக்டோபரில் ஆயா ஒரு செய்தி சொன்னார். ஜோகானஸ்பர்க்கில் மகளுக்குப் பிரசவம், டிசம்பர் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை அங்கே இருப்பார். யாரும் எதுவும் சொல்ல முடியாது, போக வேண்டிய இடத்துக்குப் போகிறார். ஆனால் மூன்று கால்களில் ஒன்று போய்விட்டது.

தங்கைக்குப் பழைய அனுபவம் மறக்கவில்லை. ஏசி தானாக ஓடும், ஓட்டுக் கூரை இருக்கிறது, போதுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மெயின் டிரிப் ஆனா அக்கா?" என்னிடம் பதில் இல்லை. லோட்ஷெடிங் முடிந்து மின்சாரம் திரும்பும்போது மின்னழுத்தம் எகிறி டிரிப் ஆவது, அதாவது மெயின் சுவிட்ச் தானாக விழுந்துவிடுவது, அப்போது இங்கே பல வீடுகளில் நடந்ததுதான். இந்த இடத்தில் அவர் என்னைவிடச் சரியாக யோசித்தார்.

ஹோவிக் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இருந்தார்கள். டர்பனிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே, சுமார் 1,000 மீட்டர் உயரம், தடித்த சுவர் வீடு, கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. அவர்களிடம் ஆறு வயது ஆண் சின்சில்லா ஒன்று ஜோடியை இழந்து தனியாக இருந்தது. நவம்பர் கடைசியில் சாம்புவைக் கோடைக்கு மட்டும் அங்கே கொண்டுபோய் விட்டார். கூண்டு, தூசிக் கிண்ணம், எடை நோட்டு எல்லாமும் கூடவே போயின.

இரண்டு ஆண்களை ஒரேயடியாகச் சேர்த்தால் சண்டையில் காதும் விரலும் போகும். இரண்டு கூண்டுகளையும் கைப்பிடித் தூரம் இடைவெளி விட்டுப் பக்கத்தில் வைத்தார்கள். ஒருவார இடைவெளியில் தூசிக் கிண்ணத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழக விட்டார்கள். ஏழாவது வாரம் புதிய இடத்தில், ஆள் பார்வையில், பத்து நிமிடம் சேர்த்து விட்டார்கள். பிப்ரவரியில் ஒரே பலகையில் ஒட்டிப் படுத்துத் தூங்கும் படம் வந்தது.

அந்தப் படத்தைத் தங்கை என்னிடம் காட்டியபோது நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மார்ச் முதல் வாரம் அழைத்துவரப் போக வேண்டிய நாள். ஆயா திரும்பிவிட்டார், ஏசி இருக்கிறது, திரும்பக் கொண்டுவர எல்லாம் தயார். தங்கை ஹோவிக் போய், ஒரு மாலை முழுக்க அந்தக் கூண்டின் முன் உட்கார்ந்திருந்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார். பத்து மணி நேரத்துக்கு மேல் தனியாக இருக்கும் வீட்டுக்கு அதை ஒரு துணையிடமிருந்து பிரித்து அழைத்துவர முடியவில்லை என்றார். நான் அவரைத் தடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. அந்த மாதக் கடைசியில் லோட்ஷெடிங் நின்று, பத்து மாதம் வரவே இல்லை. அது முன்பே தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று கேட்டேன். மாறியிருக்காது என்றார்.

2024 ஜூனில் சாம்புவின் எடை 590 கிராம். பற்களை மருத்துவர் பார்த்துவிட்டார், கோளாறு இல்லை.

இனி எப்படிச் செய்வேன்

முழுநேர வேலை இருந்தால் சின்சில்லா வளர்க்கலாமா என்று கேட்டால் மாலை நேரத்தைப் பற்றி நான் இனி கடைசியில்தான் பேசுவேன். மாலையில் தங்கை ஒருநாளும் குறை வைக்கவில்லை. பூட்டிய வீட்டுக்குள் பகலில் நடப்பதுதான் இங்கே உயிரை எடுக்கப் பார்த்தது. ஆகவே கடலோரத்தில் யார் கேட்டாலும், பிப்ரவரியில் ஒரு வாரம், கூண்டு வைக்கப்போகும் அதே இடத்தில் அதிகபட்சத்தைப் பதிக்கும் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். குளிர்காலத்தில் ஆசை வந்தால் கோடை முடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். எட்டு மாதம் அதிகம் என்று தோன்றலாம், 15 ஆண்டு வாழும் பிராணிக்கு அது அதிகம் இல்லை.

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மெயினை அணைத்துப் போட்டால் எது தானாக எழுகிறது, எது எழுவதில்லை என்று பிராணி வருவதற்கு முன்பே பார்க்க வேண்டும். நடந்து வரும் தூரத்தில் சாவியோடு ஒருவர், அவர் ஊருக்குப் போனால் இன்னொருவர். இந்த இரண்டாமவரை நாங்கள் தேடவே இல்லை. ஒன்றாக வளர்ந்த இரண்டை வாங்கியிருக்க வேண்டும் என்பதும் இப்போது எனக்கு உறுதி. நாள் முழுக்க வெளியே இருப்பவருக்கு அது இன்னும் முக்கியம். இரண்டுக்கு இடமில்லை என்றால் ஒன்றுக்கும் இடமில்லை என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவரை முன்கூட்டியே தேடியதையும், எடை நோட்டையும், தளக்கல்லையும் மாற்ற மாட்டேன்.

ஆயாவுக்காகத் தங்கை எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுபவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மருத்துவர் எண்ணை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஆயா, 12:30க்கும் 2:30க்கும் பாருங்க. வெப்பமானி 24க்கு மேல் போனால் ஏசி ஓடுதா பாருங்க, ஓடலைன்னா ரிமோட்டில் சிவப்புப் பொத்தான். மின்சாரமே இல்லைன்னா ஃப்ரீசரில் இருக்கிற பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்க, ஜன்னலைத் திறக்க வேண்டாம். காது சிவந்திருந்தாலும், எழுப்பினால் எழாமல் கிடந்தாலும், வாயோரம் ஈரமாக இருந்தாலும் எனக்குக் கூப்பிட வேண்டாம், முதலில் கீழே இருக்கிற டாக்டர் எண்ணுக்குக் கூப்பிடுங்க. அப்புறம் எனக்கு."